நம்மைத் தள்ளியவர் யார்?

விரைந்து செல்லும் பஸ்வண்டியொன்றில் நின்றவண்ணம் பிரயாணஞ் செய்கின்றீர்கள். திடீரென ஓர் ஆடு வீதிக்குக் குறுக்கே பாய்கின்றது. சாரதி பிரேக்கை அழுத்துகின்றார். மறுகணம் நீங்கள் முன்னே நிற்பவர்மீது சாய்கின்றீர்கள். தள்ளியவர் யாரெனச் சினத்துடன் திரும்பிப் பார்த்தால், பின்னால் நிற்பவரும் அதே வினாவுடன் தமக்குப் பின்னே பார்த்துக்கொண்டிருக்கின்றார்!

உண்மையில் எவரும் தள்ளவில்லை. வண்டி நின்றது, நீங்கள் நிற்கவில்லை. அவ்வளவே.

மாட்டை அவிழ்த்துவிட்டால் வண்டி நின்றுவிடுகின்றதன்றோ? ஆகவே, ஒரு பொருள் இயங்கிக்கொண்டேயிருக்க வேண்டுமாயின் அதனை ஏதேனுமொன்று தள்ளிக்கொண்டேயிருக்க வேண்டும் என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் கருதினார். அக்கருத்து ஈராயிரம் ஆண்டுகள்வரை நிலவியது. இத்தாலிய அறிஞர் கலிலியோ வேறு விதமாகச் சிந்தித்தார். ஒரு சரிவில் உருண்டிறங்கும் குண்டு, எதிர்ச் சரிவில் ஏறக்குறைய முன்னைய உயரத்துக்கே ஏறுகின்றது. எதிர்ச் சரிவைத் தாழ்த்தத் தாழ்த்த, குண்டு மேலும் தொலைவு செல்கின்றது. அச்சரிவு முற்றிலும் சமதளமாகி, உராய்வும் இல்லாதிருப்பின், குண்டு எங்கே நிற்கும்? எங்கும் நில்லாது!

1687ஆம் ஆண்டில் வெளியான தமது பெருநூலில் இவ்வுண்மையை முதலாம் விதியாக நியூற்றன் வகுத்தார். புறவிசை தாக்காதவரை, ஓய்ந்திருக்கும் பொருள் ஓய்ந்தேயிருக்கும். இயங்கும் பொருள் நேர்கோட்டில் மாறா வேகத்துடன் இயங்கும். பொருளின் இவ்வியல்பே சடத்துவம் எனப்படும். மாட்டுவண்டியை நிறுத்தியது மாட்டின் பிரிவன்று. உராய்வு என்னும் விசையே. உராய்வற்ற விண்வெளியில், 1977இல் ஏவப்பட்ட வொயேஜர் 1 என்னும் கலம், தள்ளுவாரின்றியே செக்கனுக்கு ஏறத்தாழ 17 கிலோமீற்றர் வேகத்தில் இன்றும் சென்றுகொண்டிருக்கின்றது.

விசையின் தொழில் இயக்கத்தைக் காப்பதன்று, அதனை மாற்றுவதே. மாற்றம் எத்துணை விரைவாக நிகழவேண்டுமோ அத்துணைப் பெரிய விசை வேண்டும். கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கைகளைப் பின்னிழுப்பது இதனாலேயே. பந்து நிற்கும் நேரம் நீள, கையைத் தாக்கும் விசை குறைகின்றது.

ஆனால் வீதியில் ஓடும் வண்டியை நிறுத்தும் விசைக்கு ஓர் எல்லை உண்டு. சக்கரத்துக்கும் வீதிக்கும் இடையிலுள்ள உராய்வே அவ்வெல்லை. உலர்ந்த வீதியில், மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும் மோட்டார் வண்டி, பிரேக்கை அழுத்தியபின் ஏறக்குறைய 5 மீற்றரில் நிற்கும் எனக் கொள்வோம். வேகம் 60 ஆயின் அத்தூரம் 10 மீற்றரன்று, 20 மீற்றர்! வேகம் இரட்டிக்கத் தூரம் நான்கு மடங்காகின்றது. மழை பெய்து வீதி நனைந்துவிட்டாலோ, தூரம் இன்னும் நீளும்.

இத்துடன், ஆபத்தைக் கண்ட சாரதியின் கால் பிரேக்கை அடைய ஒரு செக்கன் கழிவதாகக் கொள்ளுங்கள். அதற்குள் முதலாம் வண்டி 8 மீற்றரும் இரண்டாம் வண்டி 17 மீற்றரும் ஓடிவிடும். ஆகவே முதலாம் வண்டி 13 மீற்றரில் நின்றுவிடும். இரண்டாம் வண்டி அதே இடத்தைக் கடக்கும்போது, அதன் சாரதியின் கால் இன்னும் பிரேக்கைத் தொட்டிருக்கவும் மாட்டாது!

அந்த இடத்தில் ஒரு சிறுபிள்ளை வீதியைக் கடந்துகொண்டிருந்தால்?

மாணவர்களே, சடத்துவம் பரீட்சைக்கு மட்டும் உரிய பாடமன்று. வாகனம் செலுத்தும் தந்தையார்க்கும் தமையனார்க்கும் இக்கணக்கை இன்றிரவே சொல்லிக் கொடுங்கள். அரசாங்கத்தின் விதியை மீறியவர் தண்டப்பணம் செலுத்தி மீளலாம். இயற்கையின் விதிக்கு அவ்வழி இல்லை.