மண்ணுக்கும் ஒரு தணிக்கை
சிறுவர் செய்யத்தக்க மண்புழுச் சோதனை

சங்கத்தின் இருப்பையும் கடனையும் ஆண்டுதோறும் தணிக்கை செய்கிறோம். பயிர்த் தொழிலுக்கு முதலாகிய மண்ணைத் தணிக்கை செய்வார் நம்மில் எத்தனை பேர்? உரத்திற்கென்று கடன் பெறுமுன் மண்ணின் நிலையை அறிதல் நலமன்றோ? அவ்வறிவின் ஒரு பகுதியை நம் பள்ளிச் சிறுவர்களே தேடித் தரலாம். வேண்டுவன ஒரு மண்வெட்டி, ஒரு கோணி, ஒரு நோட்டுப் புத்தகம், அவ்வளவே.

இது வெறும் பிள்ளை விளையாட்டன்று. இங்கிலாந்து நாட்டு அறிஞர் சார்லஸ் டார்வின் 1881-இல் மண்புழுவைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். 1842-இல் அவர் ஒரு வயலில் சுண்ணக்கல் துண்டுகளைப் பரப்பி, 29 ஆண்டுகள் கழித்துத் தோண்டினார். அவை 7 அங்குல ஆழத்தில் கிடந்தன. புழுக்கள் அடிமண்ணை உண்டு மேலே கழித்துக் கழித்து அவற்றை மூடிவிட்டன. புழுவுக்குச் செவியுண்டா என்றும் அவர் ஆராய்ந்தார். பியானோவின் அருகே தொட்டி இருந்தபோது, எவ்வளவு உரக்க வாசித்தும் புழுக்கள் பொருட்படுத்தவில்லை. தொட்டியைப் பியானோவின் மீதே வைத்து வாசித்ததும் வளைக்குள் ஒடுங்கின. அவை உணர்ந்தது ஓசையையன்று, அதிர்வையே. ஒன்றை மட்டும் மாற்றி, ஏனையவற்றை மாற்றாது வைத்து நோக்குவதே சோதனையின் உயிர்நிலை.

நம் சிறுவர்களும் அவ்வாறே செய்க. அடுத்தடுத்த இரு பாத்திகளில் முதலில் புழுக்களை எண்ணிக் குறிக்க. பின்னர் ஒன்றில் மட்கிய சாண எருவிட்டுச் சருகு மூடுக. மற்றதை வெறுமையாக விடுக. இரண்டிற்கும் நீர் ஒரே அளவு. இரண்டு மாதம் சென்றபின், ஒரே நாட்காலையில், பாத்திக்கு மூன்று இடங்களில் ஓரடிச் சதுரமும் அரையடி ஆழமுமாக மண்ணெடுத்துக் கோணியில் பரப்பி எண்ணுக. எண்ணியபின் புழுக்களை ஈரமண்ணிலேயே விட்டுவிடுக. துண்டித்தால் ஒன்று இரண்டாகும் என்பது தவறு. பெரும்பாலும் வால்துண்டு மடிந்துபோம்.

நெசவாளர் இல்லங்களிலும் இச்சோதனைக்கு இடமுண்டு. புறக்கடையில் சாயத் தண்ணீர் ஊற்றும் மூலையையும் ஊற்றாத மூலையையும் ஒப்பிடலாம். ஆனால் சாயம் படிந்த மண்ணைச் சிறுவர் தொடலாகாது. பெரியோரே கிளறிக் காட்டுக.

ஓர் எச்சரிக்கை. கோடையில் புழுக்கள் ஈரம் நாடி ஆழத்தில் ஒடுங்கும். ஆகவே சித்திரையில் கண்ட எண்ணை ஐப்பசியில் கண்டதோடு ஒப்பிட்டு மகிழவோ வருந்தவோ வேண்டா. புழு மிகுதியாயின் விளைச்சலும் அத்தனை மடங்கு மிகும் என்பதும் இல்லை. எனினும் அவற்றின் வளைகள் வழியே நீரும் காற்றும் வேருக்கு எட்டும். அவற்றின் கழிவு மண்ணை வளமாக்கும். எருவிட்ட பாத்தியில் புழு பெருகியிருப்பின், குப்பைக் குழியில் செலவிட்ட உழைப்பு வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.

ஒரு தோட்டத்துக் கணக்கு தற்செயலாகவும் அமையலாம். பல தோட்டத்துக் கணக்குகள் ஒரே திசையைக் காட்டினால் அது நம்பத்தக்கது. ஆதலின் சிறுவர்களின் குறிப்புகளை அடுத்த பொதுக்கூட்டத்திற்குக் கொண்டு வந்து, ஒருசேர வைத்துப் படிப்பீர்களாக. கூடிச் செய்தல் அறிவுத் துறைக்கும் பொருந்தும்.