அந்த 'ஓரிரு இடங்களில்' எங்க ஊர் உண்டா?

மே மாதம். மத்தியானம் மூணு மணி. சாப்பாட்டு மயக்கத்தில் ஆபீஸே அரைக்கண் மூடியிருக்கும் நேரம். கரெக்டாக அப்போதுதான் அண்ணனிடமிருந்து போன் வரும்.

"தம்பி, இன்னிக்கு மழை வருமா, வராதா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு வானத்தின் ரகசியமெல்லாம் அத்துப்படி என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

நான் வானிலை அறிக்கையை எடுத்து வாசிப்பேன். 'வெப்பச் சலனம் காரணமாக வட கடலோர மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை பெய்யக்கூடும்.'

"அதெல்லாம் சரி. அந்த ஓரிரு இடத்துல நம்ம ஊரு இருக்கா?"

நியாயமான கேள்விதான். ஆனால் பதில்? நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், வேலை மும்முரத்தில், "வராதுண்ணே... தைரியமா இருங்க" என்று சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலம் மேற்கே கறுத்து, அரை மணி நேரம் அடித்து ஊற்றியது. பத்து நாளாக வாரி வரப்பில் குவித்திருந்த உப்பு, தார்ப்பாய் போடாததால் கண்ணெதிரே கரைந்து ஓடியிருக்கிறது. ராத்திரி போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"கடல்லேர்ந்து வந்துச்சு, கடலுக்கே போயிடுச்சு. விடு தம்பி" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை. அன்றைக்குத்தான், இந்த 'ஓரிரு இடங்கள்' சமாச்சாரம் என்னதான் என்று பார்த்துவிடத் தீர்மானித்தேன்.

முதலில் ஒன்று தெரிந்தது. 'ஓரிரு இடங்களில்' என்பது தப்பித்துக்கொள்ளும் பேச்சு இல்லை. அதற்குக் கணக்கு இருக்கிறது! ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவிகிதம் வரை மழை பதிவாகும் என்றால் 'ஓரிரு இடங்களில்'. 26 முதல் 50 வரை என்றால் 'சில இடங்களில்'. 51 முதல் 75 வரை 'பல இடங்களில்'. அதற்கும் மேலே போனால் 'பெரும்பாலான இடங்களில்'. நாம்தான் அதை ஜோக்காக்கிச் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, ஊர் பேரைச் சொல்வதில் என்ன கஷ்டம்? புயல் என்றால் எங்கே கரை கடக்கும் என்று ரெண்டு நாள் முன்னாலேயே படம் போட்டுக் காட்டுகிறார்களே?

புயல் என்பது தேர் மாதிரி. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், நாள்கணக்கில் ஆயுசு. எந்த வீதியில் திரும்புகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்க்கலாம். கோடை இடி மழை அப்படியில்லை. தனி மேகம் என்றால் பத்து கிலோமீட்டர் அகலம் இருந்தால் அதிகம். பிறந்து, வளர்ந்து, கொட்டி, கரைவதெல்லாம் ஒரு மணி நேரத்துக்குள். ஆனால் அந்த ஒரு மணியில் 12, 15 கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கும். விமானம் பறக்கிற உயரத்துக்கும் மேலே!

அது பிறப்பதற்கு மூன்று சாமான் வேண்டும். ஈரம், சூடு, கிளப்பிவிட ஒரு ஆள். உள் மாவட்டங்களில் தரை காலையிலிருந்து காய்கிறது. சூடான காற்று மேலே போகப் பார்க்கிறது. மத்தியானம் கடற்காற்று கிளம்பி ஈரத்தைச் சுமந்துகொண்டு கரையேறுகிறது. உள்ளே போகப்போக, மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றோடு முட்டுகிறது. முட்டுகிற இடத்தில் ரெண்டுக்கும் போக வழியில்லை, மேலேதான் போக வேண்டும். போகிறது. மேகமாகிறது. இடிக்கிறது.

அதனால்தான் கடலோரத்தில் இருக்கும் நமக்கு மழை பெரும்பாலும் மேற்கே பிறக்கிறது. சென்னைக்கு என்றால் வேலூர், அரக்கோணம், திருத்தணி பக்கம். மரக்காணத்துக்கு என்றால் திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் பக்கம். மேல்காற்று கிழக்கே தள்ளினால் நமக்கு வரும். தள்ளாவிட்டால் அங்கேயே கொட்டித் தீர்த்துவிடும். சில நாள் வாசல்வரை வந்து, கரையோரத்தில் பரவியிருக்கும் குளிர்ந்த கடற்காற்றில் நுழைந்ததும் தெம்பு இல்லாமல் படுத்துவிடும். 'தாம்பரம் வரைக்கும் வந்துச்சு சார், கிண்டிக்கு வரலை' என்று நாம் அலுத்துக்கொள்வது இதைத்தான்.

அடுப்பில் உலை வைத்துவிட்டுப் பாருங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் கொதிக்கும் என்று வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முதல் கொப்புளம் பானையில் எந்த இடத்தில் கிளம்பும் என்று யாரால் சொல்ல முடியும்? அண்ணன் என்னிடம் கேட்டது கொப்புளத்தை. வானிலைக்காரர்கள் காலையில் சொன்னது உலையை!

உலை கொதிக்குமா என்று எப்படிப் பார்க்கிறார்கள்? மீனம்பாக்கத்திலிருந்து தினம் விடியற்காலையும் சாயங்காலமும் ஒரு பலூன் பறக்கிறது. கூடவே ஒரு சின்னப் பெட்டி. போகிற வழியெல்லாம் வெப்பம், ஈரம், காற்றழுத்தம் என்று செய்தி அனுப்பும். மேலே குளிர்ந்தும் கீழே சூடும் ஈரமுமாகவும் இருந்தால், காற்று எழும்ப எவ்வளவு சக்தி இருக்கிறது என்று கணக்குப் போடுகிறார்கள். 'கேப்' என்று அதற்குப் பெயர். எண் பெரிதாக இருந்தால் அன்றைக்கு வானம் கோபத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் கோபம் இருக்கிற எல்லோரும் அடிப்பதில்லையே!

கம்ப்யூட்டர் கணக்கும் உண்டு. தேசத்தையே கட்டம் கட்டமாகப் பிரித்துப் பார்க்கிறது. பல வருஷம் அந்தக் கட்டம் சுமார் 12 கிலோமீட்டர். நம்ம மேகமோ அதைவிடச் சின்னது. வலையின் கண்ணில் நழுவும் மீன் குஞ்சு மாதிரி. 2025 மே மாதம் வந்த 'பாரத்' முன்னறிவிப்பு முறையில் கட்டத்தை 6 கிலோமீட்டராகக் குறுக்கியிருக்கிறார்கள். வலை நெருக்கமாகியிருக்கிறது. குஞ்சுகளும் சாமர்த்தியசாலிகள்தான்.

ஆக, ஊர் பேர் தெரிய வேண்டுமென்றால் மேகம் பிறந்த பிறகு பார்க்க வேண்டும். அதற்குத்தான் ரேடார். இந்தியாவிலேயே முதல் டாப்ளர் வானிலை ரேடார் 2002-ல் சென்னைத் துறைமுகப் பகுதியில்தான் வந்தது. பச்சை என்றால் தூறல், மஞ்சள் என்றால் மழை, சிவப்பு என்றால் துணியை எடு, மாடியிலிருந்து இறங்கு! இதைப் பார்த்துத்தான் 'அடுத்த மூன்று மணி நேரத்தில்' என்று மாவட்டம் மாவட்டமாக எச்சரிக்கை வருகிறது.

இப்போது மூணு மணி போனுக்கு என் பதில் மாறிவிட்டது. "அண்ணே, செஞ்சி பக்கம் சிவப்பா ஒண்ணு கிளம்பியிருக்கு. கிழக்கே நகருது. திண்டிவனம் தாண்டினா மறுபடி சொல்றேன்." திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் சுமார் 35 கிலோமீட்டர். மேகம் நடக்கிற வேகத்துக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும்.

பெருமையாக இதையெல்லாம் விளக்கியபோது அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார். எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது.

"தார்ப்பாய் போட ஆளுங்களுக்கு ஒரு நாள் கூலி. போடாம மழை வந்தா பத்து நாள் உழைப்பு போகும். நாலுல ஒரு நாள்தான் மழைன்னாலும் நான் மூடிட வேண்டியதுதானே? இதுக்கு ஏன் தம்பி வருமா, வராதான்னு மண்டைய உடைச்சுக்கணும்?"

பாருங்கள், இவ்வளவுதான் விஷயம்! அறிக்கையிடம் 'வருமா' என்று கேட்பதைவிட, 'வந்தால் எனக்கு எவ்வளவு போகும்' என்று நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆபீஸ் போகிறவனுக்குப் போவது ஒரு சட்டை. உப்பளக்காரருக்குப் போவது ஒரு மாசச் சோறு. ஒரே அறிக்கைதான், ஆளுக்கு ஆள் அர்த்தம் வேறு.

போனால் வராதது இன்னொன்று இருக்கிறது. நம் நாட்டில் மின்னல் தாக்கி வருஷத்துக்கு 2,000 பேருக்கு மேல் சாகிறார்கள். உப்பளம் என்பது வெட்டவெளி. அங்கே நிற்கிற மனுஷன்தான் உயரமான பொருள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள்: மூணு செகண்டுக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி கழித்துத்தான் வெளியே வரலாம். மரத்தடி கூடவே கூடாது. புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' என்ற செயலியும் பக்கத்தில் மின்னல் வந்தால் சொல்கிறது. அண்ணன் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். முதல் முழக்கம் கேட்டதும் ஆட்களைக் கரையேற்றிவிடுகிறார். அந்த விஷயத்தில் மட்டும் கூலிக் கணக்கு பார்ப்பதில்லை.

போன வாரம் 'ஓரிரு இடங்களில்' என்று பார்த்துவிட்டு ரெயின்கோட்டோடு ஆபீஸ் போனேன். சுட்டெரிக்கும் வெயில். ஒரு சொட்டு இல்லை. பக்கத்து சீட் நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன சார், உங்க மழை எங்கே?"

"ஓரிரு இடத்துல பெய்ஞ்சிருக்கும் சார். அந்த இடத்துல நாம இல்லை... அவ்வளவுதான்!"