காரைக்குடி என்றால் 30 பைட்

காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் எழுந்தது மத்திய மின்வேதியியல் ஆய்வகம். 1953-இல் திறந்தார்கள், ஊரில் சிக்ரி என்றால்தான் தெரியும். அது போன்ற ஓர் ஆய்வகத்தில் லித்தியம் செல்லைக் கையாள ஒரு வழிகாட்டி தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். அச்சுப் புத்தகம், செல்போன் பக்கம், மேசைக்கு மேலே ஒட்ட ஒரு தாள். தமிழிலும் ஆங்கிலத்திலும் என்றால் ஆறு ஆவணங்கள். ஆறிலும் ஒரு வரி: சார்ஜ் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பிறகு இரும்பு பாஸ்பேட் வகை செல் வருகிறது. அதற்கு வரம்பு 3.65. ஐந்தைத் திருத்திவிட்டுச் சுவரில் இருப்பதை மறந்தால் செல் பாழ்.

இதற்கு வந்த வழிதான் ஒற்றை மூல ஆவணமாக்கம். வரம்பு ஒரே கோப்பில் இருக்கும். ஆறு ஆவணங்களையும் அதிலிருந்து கணினியே உருவாக்கித் தரும்.

சூட்சுமம் எழுதும் முறையில் இருக்கிறது. ‘சிவப்பில் தடித்த எழுத்து’ என்று குறிக்காமல், ‘இது எச்சரிக்கை’ என்று மட்டும் குறிக்க வேண்டும். அச்சில் அது கட்டமாகும், போனில் வண்ணப்பட்டையாகும், பார்வையற்றவருக்குக் குரலாகும். ஐபிஎம் நிறுவனத்தில் 1969-இல் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி மூவரும் இப்படி ஒரு குறிமொழியை, அதாவது உரையின் பகுதிகளுக்கு அடையாளம் இடும் மொழியை, உருவாக்கினார்கள். பெயர் ஜிஎம்எல். ஆங்கிலத்தில் மூவர் பெயரின் முதலெழுத்துகளும் அவையே!

அதன் வழிவந்தது எக்ஸ்எம்எல். அதன்மேல் கட்டப்பட்ட டிட்டா 2005-இல் பொதுத்தரமானது. டிட்டாவின் ‘டி’ டார்வினைக் குறிக்கிறது: பொதுவான ஒரு வகையிலிருந்து சிறப்பு வகைகள் கிளைத்து, தாயின் குணங்களைச் சுமந்து வரும். ஒரு பத்தியை வேண்டிய இடத்துக்கெல்லாம் இழுத்துக்கொள்ளலாம். ‘மாணவருக்கு மட்டும்’ என்று குறித்த பகுதியைப் பொறியாளர் பிரதியில் தானே மறையச் செய்யலாம்.

நூறு மாடல், பத்து மொழி என்றால் டிட்டாவே சரி. நாலு பேர் உள்ள குழுவுக்கு அது வீண் சுமை. 2004-இல் வந்த மார்க்டவுன் என்ற எளிய குறிமொழியை அரைமணியில் கற்கலாம். ஆனால் இழுக்கும் வசதியும் மறைக்கும் வசதியும் அதன் மூல வடிவில் கிடையாது. இரண்டும் உள்ள ஆஸ்கிடாக் என்ற குறிமொழியில் வெறும் உரைக்கோப்பாகவே எழுதலாம். என் ஓட்டு அதற்குத்தான்.

தமிழில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 2013-இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்துத் தன்னார்வலர்கள் ஒரே நூலை இபப், மோபி, ஏ4 பிடிஎஃப், ஆறு அங்குலத் திரைக்கான பிடிஎஃப் என நான்கு வடிவங்களில் தருகிறார்கள்.

தமிழுக்கென்று தனியாக ஒரு சோதனையும் இருக்கிறது. ‘காரைக்குடி’ நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் அது பத்துக் குறியீடு: க, ா, ர, ை, க, ், க, ு, ட, ி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 30. ஒரு எஸ்எம்எஸ்ஸில் தமிழுக்கு 70 குறியீடுதான் இடம். ஊர்ப்பெயரை ஏழு தடவை எழுதினால் தீர்ந்தது.

‘ரை’யைப் பாருங்கள். கண்ணுக்கு இணைக்கொம்பு முன்னால் நிற்கிறது. கோப்பில் ரகரம்தான் முதலில். திரையில் காட்டும்போதெல்லாம் எழுத்துருவும் வரைநிரலும் சேர்ந்து அதை இடம் மாற்றி வைக்கின்றன. ‘கொ’ இன்னும் வேடிக்கை: கோப்பில் ககரத்துக்குப் பின் ஒரே குறி, திரையில் அதன் இருபுறமும் இரண்டு துண்டு.

ஆவணம் உருவாக்கும் பல கருவிகள் சறுக்குவது இங்கேதான். பிடிஎஃப் அழகாக இருக்கும். உள்ளே குறியீடுகள் பார்த்த வரிசையில் பதிந்திருக்கும். தேடினால் சிக்காது. ஆகவே கருவியை வாங்குமுன் ‘காரைக்குடி’, ‘கொத்தமங்கலம்’ என்று இரண்டு ஊர்ப்பெயரைத் தட்டி, பிடிஎஃப் ஆக்கி, அதிலிருந்து நகலெடுத்து வேறொரு கோப்பில் ஒட்டிப் பாருங்கள். கொம்பு இடம் மாறி விழுந்தால், விற்பனையாளர் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வாங்க வேண்டாம்.