உயிர்காப்புப் படகு விடுவிப்புப் பொறிமுறை

உயிர்காப்புப் படகு விடுவிப்புப் பொறிமுறை என்பது, கப்பலிலிருந்து வடங்களின் வழியே இறக்கப்படும் உயிர்காப்புப் படகை அவ்வடங்களிலிருந்து கழற்றிவிடும் அமைப்பாகும். படகின் முன்னும் பின்னும் உள்ள கொக்கிகள், அவற்றைத் திறக்கும் கைப்பிடி, இரண்டையும் இணைக்கும் கட்டுப்பாட்டுக் கம்பிகள், தவறாகத் திறந்துவிடாமல் காக்கும் பூட்டுகள் ஆகியவை இதில் அடங்கும்.

இக்கொக்கிகள் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டியுள்ளது. படகு உயரத்தில் தொங்கும்போது அவை எக்காரணத்தாலும் திறக்கக் கூடாது. படகு நீரில் இறங்கியபின் தாமதமின்றி, இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். முதல் வேலை தவறினால் படகு உயரத்திலிருந்து விழும். இரண்டாவது தவறினால் மூழ்கும் கப்பலோடு படகும் கட்டுண்டு கிடக்கும். இவ்விரு தவறுகளாலும் கடலில் பல உயிர்கள் இழக்கப்பட்டுள்ளன.

அமைப்பு

பெரிய கப்பல்களில் உயிர்காப்புப் படகுகள் மேல்தளத்தின் இரு பக்கங்களிலும் 'டேவிட்' எனப்படும் வளைந்த தூக்குக் கைகளில் வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு படகும் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு எஃகு வடங்களில் தொங்கும். வடத்தின் கீழ்முனையில் கனத்த வளையம் இருக்கும். அவ்வளையம் படகிலுள்ள கொக்கியில் மாட்டப்பட்டிருக்கும். வின்ச்சின் பிரேக்கைத் தளர்த்தினால் படகு தன் எடையாலேயே கீழிறங்கும். இதற்கு மின்சாரம் தேவையில்லை. கப்பல் ஒரு பக்கமாக 20 பாகை வரை சாய்ந்திருந்தாலும், முன்பின்னாக 10 பாகை வரை சரிந்திருந்தாலும் படகை இறக்க முடிய வேண்டும் என்பது பன்னாட்டு விதி.

இரண்டு கொக்கிகளும் படகோட்டியின் இருக்கைக்கு அருகிலுள்ள ஒரே கைப்பிடியுடன் கம்பிகளால் இணைக்கப்பட்டுள்ளன. பரவலாகப் பயன்பட்ட ஒரு வடிவமைப்பில், கொக்கியின் வால்பகுதி ஒரு சிறிய உருளைத் தண்டின் மீது முட்டி நிற்கும். அத்தண்டு நீளவாக்கில் பாதி வெட்டி எடுக்கப்பட்டதுபோல் இருக்கும். இது 'கேம்' எனப்படுகிறது. கேமின் முழுப்பகுதி வாலுக்கு எதிரே இருக்கும்வரை கொக்கி மூடியிருக்கும். கைப்பிடியை இழுத்துக் கேமைச் சுழற்றினால் அதன் வெட்டப்பட்ட பகுதி எதிரே வரும். அப்போது வால் விடுபட்டுக் கொக்கி திறக்கும்.

வகைகள்

சுமையற்ற விடுவிப்பு: படகு முழுவதும் நீரில் மிதந்து, வடங்களில் இழுவிசை இல்லாதபோது மட்டுமே கொக்கியைத் திறக்கும் முறை இது. அமைதியான கடலுக்கு இதுவே போதுமானது, பாதுகாப்பானதும் ஆகும்.

சுமையுடன் விடுவிப்பு: படகின் எடை வடங்களில் தொங்கும்போதே கொக்கியைத் திறக்கும் முறை இது. கொந்தளிக்கும் கடலில் அலை படகைத் தூக்கும்போது வடம் தளரும். அலை தாழும்போது படகு மீண்டும் வடத்தில் தொங்கும். கப்பல் நகர்ந்துகொண்டிருந்தால் வடங்கள் இழுபட்டே இருக்கும். அமைதியான நீரில் 5 நாட் வேகத்தில் கப்பல் முன்னேறும்போதும் படகை இறக்க முடிய வேண்டும் என்று விதிகள் கூறுவதால், சுமை இருக்கும்போதும் திறக்கும் கொக்கி தேவைப்படுகிறது.

இவ்வகைக் கருவி உயரத்தில் தவறுதலாக இயக்கப்படாமல் இருக்க அதில் நீர் அழுத்தப் பூட்டு ஒன்று உண்டு. படகின் அடிப்பகுதியிலுள்ள மெல்லிய சவ்வை நீர் மேல்நோக்கி அழுத்தும்போதுதான் இப்பூட்டு கைப்பிடியை விடுவிக்கும். காற்றில் தொங்கும்போது கைப்பிடி அசையாது. அவசர நிலையில் இப்பூட்டை மீறித் திறக்கவும் வழி உண்டு. ஆனால், அதற்குப் படகோட்டி தனியே ஒரு காப்பு மூடியை உடைப்பது போன்ற செயலை வேண்டுமென்றே, தொடர்ச்சியாகச் செய்ய வேண்டியிருக்கும்.

தடையற்ற வீழ்ச்சிப் படகு: இதில் வடங்கள் இல்லை. கப்பலின் பின்புறத்தில் சாய்தளம் ஒன்றின் மேல் படகு ஒற்றைக் கொக்கியால் நிறுத்தப்பட்டிருக்கும். அனைவரும் பின்நோக்கிய இருக்கைகளில் அமர்ந்து வார்களால் பிணைத்துக்கொண்டபின், படகோட்டி உள்ளிருந்தே கொக்கியை விடுவிப்பார். பல படகுகளில் இது கையால் இயக்கும் ஹைட்ராலிக் பம்பினால் நடைபெறுகிறது. படகு சரிந்து, பாய்ந்து, நீரில் முழுகி எழுந்து கப்பலை விட்டு விலகிச் செல்லும். 2006 ஜூலை 1 முதல் கட்டப்படும் மொத்தச் சரக்குக் கப்பல்களில் இவ்வகைப் படகு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. நீரேறினால் இக்கப்பல்கள் மிக விரைவாக மூழ்கக்கூடியவை.

வரலாறு

1912 ஏப்ரல் 15 அதிகாலையில் டைட்டானிக் மூழ்கியபோது படகுகளின் பற்றாக்குறையே பெரிதும் பேசப்பட்டது. 2,200க்கும் மேற்பட்டோர் இருந்த கப்பலில் 20 படகுகளே இருந்தன. ஆனால், இருந்த படகுகளை வடத்திலிருந்து கழற்றுவதிலும் சிக்கல் ஏற்பட்டது. 13ஆம் எண் படகு நீரைத் தொட்டதும், கப்பலின் பக்கவாட்டிலிருந்து வெளியேறிய நீர் அதைப் பின்னோக்கித் தள்ளியது. அப்படகு, மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்த 15ஆம் எண் படகின் நேர் கீழே சென்றுவிட்டது. வடங்கள் இழுபட்டு நின்றதால் அவற்றைக் கழற்ற முடியவில்லை. படகில் இருந்தவர்கள் கத்தியால் கயிறுகளை அறுத்து, கடைசி நேரத்தில் தப்பினர். அக்காலத்தில் வடங்கள் நார்க்கயிறுகளாக இருந்ததால் இது முடிந்தது. எஃகு வடங்கள் வந்தபின் இந்த வழியும் இல்லாமல் போனது.

1980 மார்ச் 27 அன்று வட கடலில், நார்வேயின் எகோஃபிஸ்க் எண்ணெய் வயலில், அலெக்சாண்டர் கீலண்ட் என்னும் மிதக்கும் தங்குமிட மேடை புயலில் கவிழ்ந்தது. அதிலிருந்த 212 பேரில் 123 பேர் இறந்தனர். மேடையில் 50 பேர் வீதம் ஏறக்கூடிய ஏழு படகுகள் இருந்தன. அவற்றுள் நான்கு இறக்கப்பட்டன. ஆனால், ஒன்று மட்டுமே வடங்களிலிருந்து விடுபட்டது. வடத்தில் இழுவிசை இருக்கும்வரை கொக்கி திறக்காதபடி ஒரு பாதுகாப்பு அமைப்பு அவற்றில் இருந்தது. புயல் அலைகளில் அந்த இழுவிசை நீங்கவே இல்லை. அமைதியான கடலில் உயிரைக் காக்கும் பூட்டு, புயலில் உயிரைப் பறித்தது.

இத்தகைய அனுபவங்களின் பின்னணியில், 'சோலாஸ்' எனப்படும் கடலில் மனித உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் 1983இல் திருத்தங்கள் ஏற்கப்பட்டன. அவை 1986 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. புதிய கப்பல்களில் வடங்களால் இறக்கப்படும் படகுகளுக்குச் சுமையுடன் விடுவிக்கும் கொக்கிகள் தேவை என்பது அவற்றுள் ஒன்று.

பயிற்சியின்போது விபத்துகள்

புதிய கொக்கிகள் ஒரு சிக்கலைத் தீர்த்தன. ஆனால் மற்றொன்றை உண்டாக்கின. திறக்கக் கூடாத நேரத்தில் கொக்கிகள் திறக்கத் தொடங்கின. பிரித்தானியக் கடல் விபத்து விசாரணைப் பிரிவு 2001இல் வெளியிட்ட ஆய்வு, தன் பதிவிலிருந்த பத்தாண்டு விபத்துகளை ஆராய்ந்தது. அக்காலத்தில் உயிர்காப்புப் படகுகளாலும் அவற்றை இறக்கும் கருவிகளாலும் 12 கடலோடிகள் இறந்திருந்தனர்; 87 பேர் காயமடைந்திருந்தனர். வணிகக் கப்பல்களில் நேர்ந்த மொத்த உயிரிழப்பில் இது 16 விழுக்காடு. இவை கப்பல் மூழ்கியபோது நேர்ந்தவை அல்ல. பயிற்சியின்போதும் சோதனையின்போதும், அனுபவமுள்ள பணியாளர்களுக்கு நேர்ந்தவை. விடுவிப்புக் கொக்கிகள் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக இருந்தன.

இவ்விபத்துகளின் காரணங்களைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

நிலையற்ற வடிவமைப்பு: பழைய கொக்கிகள் பலவற்றில் படகின் எடையே கொக்கியைத் திறக்கும் திசையில் தள்ளியது. கேம் மட்டுமே அதைத் தடுத்து நின்றது.

முழுமையாக மூடாத கொக்கி: பயிற்சி முடிந்து படகைத் தூக்கும்போது கேம் முழுவதும் திரும்பாமல், கொக்கியின் வால் அதன் விளிம்பில் மட்டும் பட்டு நிற்கக்கூடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கொக்கி மூடியதாகவே தோன்றும். படகு உயரே சென்றபின் ஓர் அதிர்வு ஏற்பட்டாலே அது நழுவிவிடும்.

துருவும் தேய்மானமும்: கட்டுப்பாட்டுக் கம்பியின் உறைக்குள் உப்புநீர் புகுந்தால் கம்பி இறுகிவிடும். கைப்பிடி மூடிய நிலைக்கு வந்தாலும் கேம் வந்திருக்காது.

அறியாமை: ஒவ்வொரு நிறுவனத்தின் கொக்கியும் வெவ்வேறு விதமாக இயங்கியது. ஒரு கப்பலிலிருந்து மற்றொன்றுக்கு மாறிய பணியாளருக்குக் கையேடும் பல சமயம் புரியும்படி இருக்கவில்லை.

ஒரு கொக்கி மட்டும் திறந்தால் படகு மறு கொக்கியில் செங்குத்தாகத் தொங்கும். உள்ளே இருப்பவர்கள் தூக்கியெறியப்படுவர். கோணலான இழுவிசையால் அந்தக் கொக்கியும் விடுபட்டு, படகு முழுவதுமாக விழக்கூடும். உயிரைக் காக்க வைத்த படகில் ஏறவே கடலோடிகள் அஞ்சும் நிலை உருவானது. அச்சத்தால் பயிற்சி குறைந்தது. பயிற்சி குறைந்ததால் கருவியைப் பற்றிய அறிவும் குறைந்தது.

நிலையான கொக்கி

பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2011 மே மாதத்தில் புதிய விதிகளை ஏற்றது. அவற்றின் மையக் கருத்து, சுமையே கொக்கியை மூடிவைக்க வேண்டும் என்பதாகும். இதை ஒரு கதவைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். காற்று கதவைத் திறக்கும் பக்கமாகத் தள்ளினால், தாழ்ப்பாள் மட்டுமே அதைப் பிடித்து நிற்கும். தாழ்ப்பாள் தேய்ந்தால் கதவு திறந்துவிடும். காற்று கதவை நிலைச்சட்டத்தின் மீது தள்ளினால், காற்று வலுக்கும்தோறும் கதவு இறுகவே செய்யும். பழைய கொக்கிகள் பல முதல் வகைக் கதவைப் போன்றவை. புதிய விதி இரண்டாம் வகையைக் கோருகிறது.

இவ்விதிகளின் பிற கூறுகள்:

1. கொக்கி முழுமையாக மூடப்படாவிட்டால் அது எந்தச் சுமையையும் தாங்கக் கூடாது. அல்லது மிகையான விசையின்றிக் கைப்பிடியையோ பாதுகாப்பு ஊசியையோ மூடிய நிலைக்குக் கொண்டுவர முடியக் கூடாது.
2. கொக்கியின் பாகங்கள் பூச்சு இல்லாமலேயே கடல்நீரின் அரிப்பைத் தாங்கும் பொருளால் ஆனவையாக இருக்க வேண்டும்.
3. கைப்பிடி சுற்றியுள்ளவற்றிலிருந்து வேறுபட்ட நிறத்தில் தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இவ்விதிகள் 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. தகுதி பெறாத பழைய கொக்கிகளை, 2014 ஜூலை 1க்குப் பின் வரும் முதல் உலர்துறைப் பழுதுபார்ப்பின்போது, எவ்வாறாயினும் 2019 ஜூலை 1க்குள், மாற்றிவிட வேண்டும் என்று காலவரம்பு விதிக்கப்பட்டது.

இடைக்கால ஏற்பாடாக, கொக்கியைச் சுற்றி மாட்டும் விழுதடுப்புப் பட்டைகள் பயன்பட்டன. கொக்கி தவறித் திறந்தாலும் இப்பட்டை படகைத் தாங்கும். இதற்குச் செயற்கை இழைப் பட்டைகள் பரிந்துரைக்கப்பட்டன. திடீர் அதிர்ச்சியை உள்வாங்கும் தன்மை இல்லாததால் எஃகுக் கம்பியும் சங்கிலியும் விலக்கப்பட்டன. படகு நீரில் இறங்கியதும் பட்டையைக் கழற்ற மறந்தால் கொக்கியைத் திறந்தும் படகு விடுபடாது. ஆகவே இதற்கும் பயிற்சி தேவை.

மீண்டும் மாட்டும் முறை

விபத்துகள் பல, படகை மீண்டும் தூக்கும்போது நேர்ந்தவை என்பதால் இந்தப் படிநிலை மிகுந்த கவனத்திற்குரியது. பொதுவான ஒழுங்கு பின்வருமாறு. தயாரிப்பாளரின் கையேடே இறுதியானது.

1. இரு கொக்கிகளையும் மூடி, கேம் அல்லது அடையாளக் குறிகள் நேராக இருப்பதை நேரில் பார்த்தல்.
2. கைப்பிடியை மூடிய நிலையில் வைத்து, பாதுகாப்பு ஊசியைச் செருகுதல்.
3. நீர் அழுத்தப் பூட்டு சரியான நிலையில் இருப்பதை உறுதிசெய்தல்.
4. வளையங்களை மாட்டி, நீரிலிருந்து சற்றே மேலே தூக்கி நிறுத்துதல்.
5. இரு கொக்கிகளையும் மறுபடி சோதித்தபின் முழுவதுமாகத் தூக்குதல்.

நான்காவது படியில் கொக்கி நழுவினால் படகு அரை மீட்டர் உயரத்திலிருந்து விழும். அப்படியைத் தவிர்த்தால் பத்து, இருபது மீட்டர் உயரத்திலிருந்து விழும்.

பயிற்சியும் பராமரிப்பும்

கப்பல் பணியாளர் ஒவ்வொருவரும் மாதம் ஒரு முறையேனும் கப்பலைக் கைவிடும் பயிற்சியில் பங்கேற்க வேண்டும். வடங்களால் இறக்கப்படும் படகுகளைப் பொதுவாக மூன்று மாதங்களுக்கு ஒரு முறை நீரில் இறக்கி இயக்க வேண்டும். பயிற்சியில் முதலில் ஆளில்லாமல் படகை இறக்கித் தூக்கிப் பார்ப்பது பரிந்துரைக்கப்படுகிறது. விடுவிப்புக் கருவியை ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறையேனும் முழுவதும் பிரித்துச் சீராக்கி, முழு ஆட்களும் பொருள்களும் ஏற்றிய படகின் எடையைப்போல் 1.1 மடங்கு சுமையில் இயக்கிச் சோதிக்க வேண்டும். இப்பணிகளைச் சான்று பெற்றவர்களே செய்ய வேண்டும் என்ற விதி 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது.

கொக்கி நன்றாக இருந்தால் மட்டும் போதாது. 2013 பிப்ரவரி 10 அன்று கேனரித் தீவுகளின் சாண்டா குரூஸ் டி லா பால்மா துறைமுகத்தில், தாம்சன் மெஜஸ்டி என்னும் பயணிகள் கப்பலில் பயிற்சி முடிந்து படகைத் தூக்கும்போது எஃகு வடம் அறுந்தது. பணியாளர்கள் ஐவர் இறந்தனர், மூவர் காயமடைந்தனர். கப்பி ஒன்றின் மேல் படிந்திருந்த, எளிதில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வடம் அரிக்கப்பட்டிருந்தது. வடங்களை ஐந்தாண்டுகளுக்கு மிகாமல் மாற்ற வேண்டும் என்று விதி உள்ளது. தேய்வோ அரிப்போ தென்பட்டால், அக்கெடு முடியும்வரை காத்திராமல் உடனே மாற்ற வேண்டும்.