பனிச்சறுக்குப் பலகை ஏன் வழுக்குகிறது?

உத்தராகண்டில், ஜோஷிமட்டுக்கு மேலே இருக்கிறது அவுலி என்ற சிறிய பனிச்சறுக்குத் தலம். கூட்டமில்லாத காலையில் பனிச்சரிவில் பூட்ஸோடு நடந்தால் கால் முழங்கால்வரை புதையும். அதே பனியில் பலகை கட்டியவர் ‘சர்ர்’ என்று இறங்கிப் போகிறார். எப்படி?

புதையாததற்குக் காரணம் எளிது. நீளமான பலகை உடல் எடையைப் பரவலாகத் தாங்குகிறது. ஆனால் வழுக்குவது ஏன்?

எடை அழுத்துவதால் பனி உருகுகிறது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். கணக்கு அதற்கு இடம் தரவில்லை. ஒரு வளிமண்டல அழுத்தம் கூடினாலும் பனியின் உருகுநிலை நூறில் ஒரு டிகிரிகூடக் குறையாது. சறுக்குபவர் தரும் அழுத்தமோ அதில் சிறு பங்குதான்.

உண்மையான காரணம் உராய்வு. உள்ளங்கைகளைத் தேய்த்தால் சூடாவதுபோல, பலகை உரசும் இடத்தில் வெப்பம் பிறக்கிறது. பனித்துகள்களின் முனைகள் உருகி, கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உண்டாகிறது. அதன்மேல்தான் பலகை ஓடுகிறது. பௌடன், ஹியூஸ் என்ற ஆய்வாளர்கள் 1939-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. அவர்கள் சோதனையில், வெப்பத்தை எளிதில் கடத்திவிடும் உலோகப் பரப்பு அவ்வளவாக வழுக்கவில்லை.

கடுங்குளிரில் நீர்ப்படலம் போதாது. பனி மணல்போலப் பிடிக்கும். வெயிலேறி ஈரம் மிகுந்தாலோ நீர் பலகையை உறிஞ்சி இழுக்கும். அதனால்தான் பாலிஎத்திலீன் அடிப்பரப்பில் நீரை விலக்கும் மெழுகு பூசுகிறார்கள். குளிருக்குக் கடின மெழுகு, ஈரப்பனிக்கு மென்மெழுகு.

வாடகைக்குப் பலகை எடுக்கும்போது, அன்றைய பனிக்கேற்ற மெழுகு பூசியிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.