உப்பு வியாபாரி பெயர் மலைக் குகையில்!
ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு சைக்கிள் போதும்... போய்ப் பார்த்துவிட்டு வரலாம்

மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி மேலூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். ஒத்தக்கடை வந்ததும் ஜன்னல் வழியே ஒரு யானை படுத்திருப்பது தெரியும். அதுதான் யானைமலை.

ஐகோர்ட்டுக்குப் போகிற குமாஸ்தாக்களும், விவசாயக் கல்லூரிக்குப் போகிற மாணவர்களும் தினமும் அந்த யானையைப் பார்க்கிறார்கள். கிட்டே போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

அந்த யானையில் தொடங்கி அழகர்மலையில் முடிகிற ஒரு சைக்கிள் பாதை இருக்கிறது. மலை மலையாகப் பார்த்துக்கொண்டே போகலாம். ஆனால் மலை ஏறி மிதிக்க வேண்டியதில்லை! ரோடு பெரும்பாலும் சமதளம்தான். கியர் வைத்த சைக்கிள் வேண்டும் என்பதில்லை. கடைக்குப் பால் வாங்கப் போகிற சைக்கிளே போதும்.

"அட போங்க சார், இந்த வயசுல சைக்கிளா?" என்கிறீர்களா? முழுசாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அண்ணன் தொடங்கினார், தம்பி முடித்தார்

முதல் இடம் ஒத்தக்கடையில் இருந்து பிரிகிற நரசிங்கம். யானைமலை அடிவாரத்தில் பாறையைக் குடைந்து நரசிங்கப் பெருமாளுக்குக் கோவில். இதற்கு வருஷமே எழுதி வைத்திருக்கிறார்கள்: கி.பி. 770.

பாண்டிய மன்னனின் மந்திரி மாறன் காரி இதைக் குடையச் செய்தார். குடமுழுக்கு நடக்கும் முன்பே காலமாகிவிட்டார். பிறகு மந்திரிப் பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன், முகமண்டபம் கட்டி வேலையை முடித்து வைத்தார். கல்வெட்டு சொல்லும் கதை இது.

பக்கத்திலேயே முருகனுக்கு ஒரு குடைவரை. லாடன் கோவில் என்பார்கள். மலை மேலே சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைகளும் தமிழி எழுத்தும் உண்டு.

இந்த மலையைச் செதுக்கிச் சிற்ப நகரம் ஆக்கலாம் என்று 2010 வாக்கில் ஒரு யோசனை வந்தது. சுற்று வட்டார மக்கள் "எங்க மலையில உளி வைக்காதீங்க" என்று எதிர்த்து நின்றார்கள். யானை தப்பியது!

லாரிக்குப் பயந்தால்...

ஒத்தக்கடையில் இருந்து மேலூருக்கு நேரே நாலு வழிச் சாலை. லாரியும் பஸ்ஸும் பறக்கிற ரோடு. சைக்கிள்காரர்களுக்கு ஆகாது.

வலது கைப் பக்கம் திருமோகூர் ரோட்டைப் பிடியுங்கள். காளமேகப் பெருமாளும் சக்கரத்தாழ்வாரும் இருக்கிற ஊர். சங்க நூல்களில் பழையன் என்ற தலைவனின் மோகூர் என்று வருவது இதுதான் என்பார்கள்.

அங்கிட்டு இருந்து வயலும் கண்மாயுமாகப் போனால் திருவாதவூர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர். இந்த ஊர் மலையிலும் 2 ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய எழுத்து இருக்கிறது. அடுத்தது மேலூர். காலை டிபனை இங்கே வைத்துக்கொள்ளலாம்.

காலில் தெம்பு இருப்பவர்கள் மேலூரில் இருந்து திருப்பத்தூர் ரோட்டில் கீழவளவு வரை போய்த் திரும்பலாம். அங்குள்ள மலைக் குகையில் தொண்டியைச் சேர்ந்த ஓர் அடியவர் படுக்கை செய்து கொடுத்த சேதி, தலைகீழ் எழுத்தில் வெட்டியிருக்கிறது.

ஆனால் அந்த மலையைச் சுற்றிப் பார்த்தால் வயிறு எரியும். கிரானைட்டுக்காகக் கத்தி வைத்து வெட்டிய கேக் மாதிரி நிற்கின்றன பாறைகள். மதுரை மாவட்டத்து கிரானைட் முறைகேடு 2012-ல் அம்பலமானதும், 2014-ல் ஐகோர்ட்டு ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயத்தை விசாரிக்க நியமித்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் குவாரிப் பள்ளங்களில் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். குளிக்க ஆசைப்பட்டு இறங்கிவிடாதீர்கள். ஆழம் அதிகம், கரை கிடையாது!

ஏழு மலை ஊர்

மேலூரில் இருந்து அழகர்கோவில் ரோட்டைப் பிடித்து, உள்ளே திரும்பினால் அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள் சூழ்ந்த ஊர்.

இங்கே ஒரு குன்றைக் குடைந்து சிவனுக்குக் கோவில் செய்திருக்கிறார்கள். இடைச்சி மண்டபம் என்பது உள்ளூர்ப் பெயர். கையில் தடியோடு உட்கார்ந்திருக்கும் லகுலீசர் சிற்பம் தமிழ்நாட்டில் அபூர்வம். அது இங்கே இருக்கிறது. இன்னொரு பக்கம் பாறையில் மகாவீரர். அதன் கீழே கி.பி. 10-ம் நூற்றாண்டு வட்டெழுத்து. இன்னும் பழைய தமிழி எழுத்தும் குகையில் உண்டு.

மேலே நிமிர்ந்து பார்த்தால் ராஜாளி வட்டமிடும். சுமார் 250 வகைப் பறவைகள் இங்கே கணக்கெடுக்கப்பட்டுள்ளன. இதனால்தான் 2022 நவம்பரில் அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலும் 193 ஹெக்டேர் இடத்தை, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது.

அந்த மீனாட்சிபுரத்து மலைதான் புகழ்பெற்ற மாங்குளம் கல்வெட்டு உள்ள மலை. வெள்ளைக்கார அதிகாரி ராபர்ட் சுவெல் 1882-ல் கண்டுபிடித்தார். பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் அதில் கல்லிலேயே இருக்கிறது!

டங்ஸ்டன் வந்தது... போனது!

இரண்டே வருஷம். 2024 நவம்பரில் இடி மாதிரி ஒரு செய்தி. இந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் எடுக்க 2 ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் ஏலம் போய்விட்டது! பல்லுயிர்த் தலமும் அந்த எல்லைக்குள்ளே வந்தது.

கிராமம் கிராமமாக மக்கள் கூடினார்கள். மேலூரில் கடைகள் அடைக்கப்பட்டன. 2024 டிசம்பர் 9-ந் தேதி சட்டசபையில் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரி 7-ந் தேதி நரசிங்கம்பட்டியில் இருந்து மதுரையை நோக்கி விவசாயிகள் பேரணியாகப் புறப்பட்டார்கள். ஜனவரி 23-ந் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

நீங்கள் சைக்கிளில் போகிற ரோடுகளில் பாதி, அந்த மக்கள் காப்பாற்றிக் கொடுத்த ரோடு.

மதுரைக் கடைக்காரர்களே, இது உங்களுக்கு!

அழகர்கோவிலுக்கு முன்னால் கிடாரிப்பட்டி. இங்கே இருந்து அழகர்மலைக் குகைக்கு ஏற வேண்டும். சைக்கிளை ஊரில் விட்டுவிட்டு, உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்வது நல்லது. தனியாகப் போகாதீர்கள்.

குகையில் முனிவர்களுக்குக் கல் படுக்கை. அதற்குப் பணம் கொடுத்தது யார்? ராஜாவா? மந்திரியா? இல்லை!

உப்பு வியாபாரி. வெல்ல வியாபாரி. ஜவுளி வியாபாரி. ஏர்க் கொழு விற்கிறவர். தங்க வேலை செய்கிற பொற்கொல்லர்!

உப்பு வணிகன் பெயர் வியகன். வெல்லம் விற்றவர் பெயர் நெடுமலன். மதுரை என்ற ஊர்ப் பெயரே 'மத்திரை' என்று அங்கே வெட்டப்பட்டிருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டு எழுத்து என்று கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் கணித்தார்.

கீழமாசி வீதியில் உப்பும் வெல்லமும் மூட்டை மூட்டையாக விற்கிறார்களே... அந்தத் தொழிலுக்கு இதைவிடப் பழைய 'போர்டு' வேறு எங்கே கிடைக்கும்?

அந்தக் காலத்துக் கடைக்காரர் சம்பாதித்ததில் கொஞ்சம் எடுத்து மலையில் போட்டார். இரண்டாயிரம் வருஷம் நின்றது. இந்தக் காலத்து வெடிமருந்துக்கு அந்த மலை ஒரு மாச வேலை. போனால் வராது!

அழகர் வழியில் வீடு

அழகர்கோவிலில் கள்ளழகரைக் கும்பிட்டு, பிரசாதக் கடையில் தோசை வாங்கிச் சாப்பிடுங்கள். மொத்தமாக, மொறுமொறுவென்று, மிளகு வாசனையோடு... மிதித்த களைப்பு ஓடிவிடும். குரங்கு கையில் இருப்பதைப் பிடுங்கும், ஜாக்கிரதை!

அங்கிருந்து மதுரை 21 கிலோ மீட்டர். சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகைக்கு வருகிற அதே வழி. கள்ளந்திரியில் பெரியாறு கால்வாய் குறுக்கே ஓடும். 1895-ல் பெரியாறு அணை திறந்த பிறகு இந்தச் சீமையை நெல் சீமையாக்கிய தண்ணீர் அது. பிறகு அப்பன்திருப்பதி, மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம். வீடு வந்தாச்சு!

எப்படிப் போகலாம்?

கீழவளவை விட்டுவிட்டால் முழுச் சுற்று ஏறக்குறைய 80 கிலோ மீட்டர். பழக்கம் இல்லாதவர்கள் ஒரே நாளில் முயற்சி செய்ய வேண்டாம். முதல் வாரம் நரசிங்கம், திருமோகூர் போய் வாருங்கள். அடுத்த வாரம் அழகர்கோவில் போய்த் திரும்புங்கள். கால் பழகிய பிறகு முழுச் சுற்று.

விடியற்காலை 5½ மணிக்குப் புறப்படுங்கள். வெயில் ஏறும் முன் பாதி ரோடு முடிந்துவிடும். கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம். சித்திரை, வைகாசியில் பாறை அனலாகக் கொதிக்கும்.

காற்றடிக்கும் பம்பு, ஒரு டியூப், பஞ்சர் சொல்யூஷன், இரண்டு பாட்டில் தண்ணீர் கண்டிப்பாக வேண்டும். உள் ரோட்டில் பஞ்சர் கடை தேடி அலைய முடியாது. நாலு வழிச் சாலையில் கொஞ்ச தூரம் போக வேண்டி வந்தாலும் எதிர்த் திசையில் மட்டும் போகாதீர்கள்.

கடைசியாக ஒன்று. குகையில் ஏற்கெனவே சில பேர் காதலி பெயரை ஆணியால் கீறி வைத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்து எழுத்துக்கு மேலேயே! பையன்களைக் கூட்டிப் போகிறவர்கள் ஒரு கண் வைத்திருங்கள்.

உப்பு வியாபாரி வியகன் பெயர் போட்டதற்கு ஒரு படுக்கை கொடுத்தார். நாம் ஒன்றும் கொடுக்க வேண்டாம். கெடுக்காமல் திரும்பினால் போதும்.

டயரில் காற்று இருக்கிறதா? சனிக்கிழமை ராத்திரியே பார்த்து வையுங்கள்!