அம்மாவின் குளிசைப் பேணி

அம்மாவின் அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்து உற்றார் உறவினர் யாவரும் விடைபெற்றுச் சென்ற மறுநாட் காலையில் அவருடைய அலுமாரியைத் திறந்தேன். சேலைகளைத் தங்கை முன்னரே எடுத்துச் சென்றுவிட்டாள். மேற்றட்டின் மூலையிற் பழைய பிஸ்கட் பேணி ஒன்று மட்டும் எஞ்சியிருந்தது. உள்ளே குளிசைகள். நீரிழிவுக்காகக் காலையும் மாலையும் அவர் விழுங்கிவந்த மெற்போமின் அட்டைகள் பதினொன்று. சலக்கடுப்புக்கெனக் கொடுக்கப்பட்டு, மூன்று நாளிற் சுகங் கண்டதும் அவர் தாமாகவே நிறுத்திவிட்ட சிப்ரோபுளொக்சசின் ஆறு. மூட்டுநோவுக்கு ஏதோ ஒன்று, கடதாசிப் பையில். மருந்தை எறிவது சோற்றை எறிவதற்கு ஒப்பானது என்று எண்ணிய தலைமுறை அது.

பேணியைச் சந்தியிலுள்ள மருந்துக்கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“ஐயா, வித்த மருந்தைத் திருப்பி எடுக்கிற வழக்கம் எங்களிட்டை இல்லை. கக்கூசுக்குள்ளை கொட்டித் தண்ணியை ஊத்திவிடுங்கோ. கரைஞ்சு போயிடும்.”

கரைந்துபோகும் என்பது மெய். எங்கே போகும் என்பதுதான் கேள்வி. எங்கள் வளவிலே மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே முப்பத்தைந்து அடிக்கு மேல் இராது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிற் பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மீது மெல்லியதொரு நன்னீர்ப் படலமாக மிதக்கின்றது. அதனையே நாம் அள்ளிக் குடிக்கின்றோம். தோட்டத்துக்கு இட்ட உரமும் குழிகளிலிருந்து கசிந்த கழிவும் சேர்ந்து நமது கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றை அளவுக்கு மிஞ்ச ஏற்றிவிட்டமை ஆய்வாளர் பல்லாண்டுகளாகக் கூறிவரும் செய்தி. நைத்திரேற்று இறங்கும் வழியாற் குளிசை இறங்காதோ?

பேணியோடு வீடு திரும்பினேன். அட்டை ஒன்றைத் திருப்பிப் பார்த்தபொழுது இந்தியாவிற் செய்யப்பட்டதென்று அச்சிடப்பட்டிருந்தது. ஊரின் பெயர் அழிந்துவிட்டது. இந்நாட்டில் விழுங்கப்படும் குளிசைகளுட் பெரும் பகுதி அங்கிருந்தே கப்பலேறி வருகின்றது. அவை பிறக்கும் ஊர்களுள் ஒன்றைப் பற்றி நான் வாசித்திருந்தவை அவ்வேளையில் நினைவுக்கு வந்தன.

ஐதராபாத் நகருக்கு அண்மையிற் பட்டன்செரு என்றோர் இடம் உண்டு. அங்கே ஏறத்தாழ 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவுநீர் ஒரே சுத்திகரிப்பு நிலையத்துக்குச் சென்று, ‘சுத்தமாகி’ ஓடையில் விடப்பட்டது. சுவீடன் நாட்டுக் கோத்தன்பேர்க் சர்வகலாசாலையைச் சேர்ந்த யோக்கிம் லார்சன் என்பவரும் அவருடைய துணைவரும் அந்நீரைப் பரிசோதித்து 2007ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு லீற்றர் நீரிற் சிப்ரோபுளொக்சசின் மட்டும் 31 மில்லிகிராம் வரை இருந்தது. அம்மருந்தை உட்கொண்ட நோயாளி ஒருவரின் இரத்தத்திற் காணப்படுவதைவிட அது பன்மடங்கு அதிகம். ஒரு நாளில் ஓடையோடு போன அந்த ஒரு மருந்தின் அளவு சுமார் 45 கிலோகிராம் எனக் கணக்கிட்டார்கள். ஏறக்குறைய 90 இலட்சம் மக்கள் வாழ்ந்த சுவீடன் தேசம் முழுவதும் ஐந்து நாளிற் பாவிக்கும் அளவாம் அது! விலைகொடுத்து வாங்க வேண்டிய மருந்து வீணாக ஓடிற்றே என்று அம்மா கேட்டிருந்தால் முதலில் அதற்குத்தான் வருந்தியிருப்பார்.

அவ்வாறு போன நீர் இசக்கவாகு, நக்கவாகு என்னும் ஓடைகளின் வழியே மஞ்சீரா நதியை அடைந்து, ஈற்றிற் கோதாவரியிற் கலப்பது. 2009ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு என்னை இன்னும் அதிகமாகக் கலக்கிற்று. அஃது ஓடையைப் பற்றியதன்று, கிணறுகளைப் பற்றியது. அயற்கிராமங்களின் கிணற்று நீரிலே கிருமிகொல்லி மருந்துகளும், தும்மலுக்கும் தேமலுக்கும் கொடுக்கும் மருந்துகளும், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்தும் கலந்திருந்தன. யாதொரு நோயுமின்றிக் கிணற்றடியில் நின்று ஒரு செம்பு நீர் அருந்திய குடியானவன் இத்தனைக்கும் சிகிச்சை பெற்றவனானான்.

இவ்வளவு சிறு அளவினால் மனிதருக்கு என்ன வந்துவிடும் என்று கேட்போர் உளர். அவர்கள் கேள்வியிலும் நியாயம் உண்டு. குடிநீரிற் சாதாரணமாகக் காணப்படும் மருந்துச் சுவடுகளாற் கேடு விளைவது மிகவும் அரிது என்றே உலக சுகாதார நிறுவனம் 2012ஆம் ஆண்டு அறிக்கையிற் கூறிற்று. ஆனால் நீரில் வாழ்வன நாம் மட்டுமல்லவே. கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்து ஏரி ஒன்றிலே, 2001 முதல் 2003 வரை கோடைதோறும், கருத்தடைக் குளிசையிலுள்ள ஓமோனைச் சோதனைக்காகக் கலந்தார்கள். ஒரு லீற்றருக்கு ஒரு கிராமின் நூறு கோடியில் ஐந்தாறு பங்கு மட்டுமே. ஆண்மீன்களின் உடலில் முட்டைக் கருவுக்குரிய புரதம் உண்டாயிற்று. ஒரு வகைச் சிறு மீன் அவ்வேரியில் ஏறக்குறைய அற்றே போயிற்று. கலப்பதை நிறுத்திச் சில ஆண்டுகள் சென்றபின் அம்மீன்கள் மீண்டும் பெருகின என்பதையும் சொல்லாமல் விடுவது முறையன்று.

கிருமிகளின் கதை வேறு. மருந்து கரைந்த நீரில் மெலிந்த கிருமி மடிய, தாங்கிய கிருமி பல்கும். தாங்கும் வித்தையைப் பிற இனக் கிருமிகளுக்கும் கடத்திவிடும். புதுடில்லியிற் பெறப்பட்ட குழாய்நீர் மாதிரிகள் 50இல் இரண்டில், கடைசிப் புகலிடமாக வைத்தியர்கள் வைத்திருந்த மருந்துகளையும் வெல்லும் மரபணு இருந்தமை 2011ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அம்மாவுக்கு மூன்று நாளிற் சுகங் கொடுத்த ஆறு ரூபாய்க் குளிசை நாளை என் பேத்திக்குப் பலியாமற் போகலாம்.

செலவை யார் ஏற்பது? 2024ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம், இத்தகைய சுவடுகளைக் கழிவுநீரிலிருந்து நீக்குவதற்கு ஆகும் மேலதிகச் செலவில் நூற்றுக்கு 80 பங்கையேனும் மருந்து, அழகுசாதனக் கம்பனிகளே கொடுக்கவேண்டுமெனச் சட்டம் ஆக்கிற்று. மறு ஆண்டே கம்பனிகள் நீதிமன்றத்தின் படியேறின. அங்கே வழக்காடுவதற்கு ஒரு சட்டமாவது உண்டு. என் கையிலோ பேணி மட்டும்.

இரவு படுத்திருக்கையில் மற்றொன்று தோன்றிற்று. மெற்போமினை மனித உடல் சிதைப்பதில்லை. விழுங்கியது பெரும்பாலும் விழுங்கியபடியே வெளியேறும். 104 நாடுகளின் ஆறுகளிற் செய்த ஆய்வொன்று 2022இல் வெளியானது. நீரெடுத்த இடங்களுட் பாதிக்கு மேற்பட்டவற்றில் அந்த மருந்து இருந்தது. அம்மா பதினான்கு ஆண்டுகள் நாளொன்றுக்கு இரண்டு குளிசையாக விழுங்கினார். குளிசை ஒன்று 500 மில்லிகிராம். எழுந்து விளக்கைப் போட்டுக் கணக்குப் பார்த்தேன். ஐந்து கிலோவுக்கு மேல் வந்தது. அவ்வளவும் அந்த மலக்குழிக்குள்தான் போயிருக்கின்றது. நான் பேணியைக் காவிக்கொண்டு திரிகின்றேன்!

விடிந்ததும் வழக்கம்போலக் கிணற்றடிக்குச் சென்றேன். நீர் தெளிந்துதான் இருந்தது. வாளியை இறக்கி அள்ளி, முகங் கழுவி, ஒரு செம்பு குடித்தேன். வேறு கிணறு எங்களுக்கு இல்லை.

மருந்துகளை மிகுந்த வெப்பத்தில் எரிக்கும் உலைக்கு அனுப்புவதற்கு ஒழுங்கு செய்வதாக டாக்டர் நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் வரச் சொன்னார். அதுவரை பேணி அலுமாரியின் மேற்றட்டிலேயே இருக்கட்டும் என்று பழைய இடத்தில் வைத்துப் பூட்டினேன்.